கிளட்ச் இல்லாத வண்டி

டிப்போவில் அவனுக்குக் குழாய் என்று பேர். அப்பா அம்மா வைத்த பேர் சம்பளச் சீட்டோடு சரி. காலம் முழுக்க டீசல் என்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பஸ் ஓட்டியதில் காது பாதி அடைத்துப்போனது. போன காதுக்கு ஈடாகத் தொண்டை, மேடையில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் மாதிரி வளர்ந்துவிட்டது. வீட்டுக்குள் உட்கார்ந்து தண்ணீர் கேட்டால், தெருவில் போகிறவர் நின்று தன்னைத்தான் கேட்கிறானோ என்று திரும்பிப் பார்ப்பார்.

கட்சிக்கு அந்தத் தொண்டை பிடித்திருந்தது. மைக் மக்கர் பண்ணினால் குழாயை மேடையில் ஏற்றிவிடுவார்கள். ஊரில் எல்லாரும் அதைப் பழைய கட்சி என்றே சொன்னார்கள். எதிராளிகள் கிண்டலாகச் சொன்னார்கள், கட்சிக்காரர்கள் பெருமையாகச் சொன்னார்கள். இருக்கிறதைக் கெடுக்காதே, புதுசாக வருவதை நன்றாகத் தட்டிப் பார்த்து எடு என்பதுதான் அவர்கள் மேடைக்கு மேடை பேசியது. பசை வாளி தூக்கிச் சுவரொட்டி ஒட்டுவதில் ஆரம்பித்த குழாய், டிப்போ கிளைச் செயலாளர் வரைக்கும் வந்துவிட்டான். இன்னும் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. வார்டு கவுன்சிலர் தேர்தலில் நிற்க வேண்டும், கட்சி சீட்டுக் கொடுக்க வேண்டும். இதை அவன் யாரிடமும் மறைக்கவில்லை. மறைக்கவும் முடியாது. அவன் மனசுக்குள் பேசினாலே நாலு பேருக்குக் கேட்கும்.

அந்த வருஷம் நகராட்சி, டீசல் பஸ்களை ஒவ்வொன்றாக ஓரங்கட்டிவிட்டு மின்சார பஸ் வாங்கப் போவதாக அறிவித்தது. பழைய கட்சி எதிர்த்தது. சும்மா எதிர்க்கவில்லை. வெயில் காலத்தில் வீட்டு ஃபேனுக்கே கரண்ட் வராத ஊரில் பஸ்ஸுக்கு எங்கே போவது, பேட்டரி செத்தால் யார் மாற்றித் தருவது, என்ஜின் பிரிவில் எண்ணெய்க் கையோடு நிற்கிறவர்களை எங்கே அனுப்புவது என்று கட்சித் தலைவர் கேட்டார். நகராட்சியில் ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை. "ஓடுற பஸ்ஸ விக்காதே, ஓடாத பஸ்ஸ வாங்காதே" என்று டிப்போ வாசலில் கோஷம் போட்டார்கள். முதல் குரல் குழாயுடையது. இரண்டாவது குரல் அவனுடைய மச்சினன் குரல். பெண்டாட்டியின் தம்பி, அதே டிப்போவில் பிரேக் ஃபிட்டர்.

சோதனைக்கு ஒரே ஒரு மின்சார பஸ் வந்து இறங்கியது. டிப்போ மேனேஜர் அம்மா குழாயைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இத நீங்கதான் ஓட்டப் போறீங்க."

"நானா? நாங்க எதிர்ப்பு மேடம்."

"அதனாலதான். வேற யாராவது ஓட்டி நல்லா இருக்குன்னா நீங்க நம்ப மாட்டீங்க. நீங்களே ஓட்டுங்க. மோசம்னா மோசம்னு நீங்களே சொல்லுங்க. அப்புறம் என் தலைய உருட்டக் கூடாது."

குழாய் தலைவரிடம் கேட்டான். தலைவர் சிரித்தார். "ஓட்டு தம்பி. நம்ம ஆளு உள்ள இருக்கிறது நல்லதுதான்" என்றார்.

வண்டி நன்றாகத்தான் இருந்தது. தொல்லை கொடுத்தது இடது கால். டீசல் பஸ்ஸில் மூன்று பெடல். நிறுத்தம் நெருங்கி வேகம் குறையும்போது இடது கால் தானாகப் போய்க் கிளட்சை அடிவரை மிதிக்கும். மிதிக்காவிட்டால் என்ஜின் உதறி நின்றுவிடும். அது யோசித்துச் செய்கிற வேலை இல்லை, கண் இமைக்கிற மாதிரி. இந்த வண்டியில் கிளட்சும் கிடையாது, கியரும் கிடையாது. இரண்டே பெடல். பிரேக் பெடல் கைவிரித்த அகலம். முதல் நாள் யார்டுக்குள் காலி வண்டியை உருட்டியபோதே இடது கால் கிளட்சைத் தேடிப் போய், பிரேக்கின் ஓரத்தை முழு பலத்தோடு மிதித்தது. வண்டி நட்டுவைத்த மாதிரி நின்றது. குழாயின் மூக்கு ஸ்டீயரிங்கில் போய் மோதியது. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் இடது காலை மடக்கி, சீட்டுக்கு அடியில் குதிகாலை மாட்டிவைத்துக்கொண்டு ஓட்டினான். கட்டிப்போட்ட நாய் மாதிரி அது அங்கேயே கிடந்தது. அவ்வப்போது இழுத்துப் பார்க்கும், அவ்வளவுதான்.

நாள் போகப் போக வேறொன்று நடந்தது. ஒரு சாயங்காலம் அவன் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தானே இருக்கேன். ஏன்?"

"இல்ல, மெதுவாப் பேசுறீங்க. பக்கத்து வீட்டக்கா வந்து, வீட்டுக்காரர் ஊர்ல இல்லையான்னு கேட்டுட்டுப் போறாங்க."

குழாய் சோற்றைப் பிசைந்தான். உண்மைதான். வண்டியை விட்டு இறங்கியதும் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் அந்த என்ஜின் இப்போது இல்லை. இடுப்பில் இருந்த குடைச்சலும் குறைந்திருந்தது. வண்டி அவனுக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் டிப்போ கிளைச் செயலாளர் அதை எங்கே போய்ச் சொல்வது? கட்சி ஆபீஸில் கேட்டவர்களிடம், "பாக்கலாம், பாக்கலாம்" என்று மென்று விழுங்கினான்.

தேர்தல் நெருங்கியது. மின்சார பஸ் பற்றிக் கட்சியின் கடைசி முடிவை அறிவிப்பதற்கு முன்னால் தானே ஒரு தடவை ஏறிப் பார்க்கப் போவதாகத் தலைவர் சொன்னார். பத்திரிகைக்காரர்கள், கட்சிக்காரர்கள் என்று வண்டி நிறைந்தது. அன்று காலை பிரேக்கைச் சரிபார்த்து வண்டியை வெளியே அனுப்பியது மச்சினன். ஜன்னலில் தட்டி, "மாமா, தலைவர் ஏறுறப்பவாவது இது நடு ரோட்டுல படுத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தலைவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் போட்டோவில் தெரியாது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன தம்பி, சத்தமே காணோம்? ஓடுதா நிக்குதா?"

"ஓடுதுங்கய்யா."

"நம்ம ஆளு ஓட்டினா கட்டில்கூட ஓடும்" என்றார் தலைவர். பின்னால் எல்லாரும் சிரித்தார்கள்.

மார்க்கெட் நிறுத்தம் தூரத்தில் தெரிந்தது. குழாய் வேகத்தைக் குறைத்தான். தலைவர் குனிந்து, அவன் காதருகே வாயை வைத்தார்.

"வார்டுக்கு உன் பேரத்தான் மேல சொல்லியிருக்கேன். ஏறக்குறைய முடிஞ்ச மாதிரி. வெளிய மூச்சு விடாதே."

டீசல் வண்டியாக இருந்திருந்தால் அந்த ரகசியம் அவன் காதில் ஏறியே இருக்காது. இந்த வண்டியில் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. குழாய்க்கு ஒரு நொடி ரோடும் தெரியவில்லை, மார்க்கெட்டும் தெரியவில்லை. அவன் தன் பேர் எழுதிய சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு நொடிக்காகவே காத்திருந்தது போல இடது கால் அவிழ்த்துக்கொண்டது. இத்தனை வருஷம் செய்த வேலையைச் செய்தது. நிறுத்தம் வருகிறது, கிளட்சை மிதி.

வண்டி அறைந்த மாதிரி நின்றது. பின்னால் இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். கேமரா ஒன்று உருண்டு முன்வாசல் படியில் விழுந்தது. தலைவரின் நெற்றி கம்பியில் போய் மோதி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முட்டை அளவுக்கு வீங்கியது.

அவரைப் படியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அவர் முதலில் கேட்டது இதுதான்: "பிரேக் தானா பிடிச்சிடுச்சா தம்பி?"

பத்திரிகைக்காரர்கள் சுற்றி நின்றார்கள். குழாய் வாயைத் திறந்தான். தலை மட்டும் மேலும் கீழும் ஆடியது.

"எழுதிக்குங்க" என்றார் தலைவர், ஈரத் துணியை நெற்றியில் அழுத்தியபடி. "தானாப் பிரேக் பிடிக்கிற வண்டி. இதுலதான் நம்ம பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பச் சொல்றாங்க."

மறுநாள் காலையில் குழாய் டிப்போவுக்குப் போனபோது மச்சினன் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். அவனை உள்ளே விடவில்லை.

குழாய் நேரே மேனேஜர் அறைக்குப் போனான். மேனேஜர் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பஸ் வேணாம்னு வாசல்ல கத்தினது யாரு? உங்க மச்சினன். நேத்து காலைல பிரேக்ல கை வச்சது யாரு? அதே ஆளு. பிரேக்க இறுக்கி விட்டா அது பிடிக்கத்தான் செய்யும். வேலையிலேருந்து நிறுத்தி வச்சிருக்கேன். வேணும்னே செஞ்சதுன்னு தெரிஞ்சா போலீஸுக்குப் போகும். தானாப் பிரேக் பிடிச்சிச்சுன்னு சொன்னது நான் இல்ல, உங்க தலைவர். அதுக்குத் தலையாட்டினது நீங்க."

குழாய் அங்கிருந்து கட்சி ஆபீஸுக்கு ஓடினான். தலைவர் நெற்றியில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்தார்.

"அய்யா, என் மச்சினன் நம்ம கட்சிப் பையன். அவன் ஒண்ணும் பண்ணலை."

"எனக்குத் தெரியாதா? கம்பெனி பிரேக் மோசம்னு சொல்லுவோம். உன் மச்சினன இதுல இழுக்க விடமாட்டேன். கொஞ்ச நாள் ஆகும், பொறுத்துக்கச் சொல்லு." தலைவர் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குச் சாயங்காலம் டிப்போ வாசல்ல கூட்டம். பிரேக் எப்படிப் பிடிச்சிச்சுன்னு ஓட்டினவன் நீயே மைக்ல சொல்லு. நீ சொல்லி முடிச்சதும் அதே மேடையில உன் பேர அறிவிக்கிறேன்."

வீட்டுக்கு வந்தபோது மச்சினன் அங்கே உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"வாங்க மாமா. அந்த வண்டி வந்தா என் வேலை போகும்னு கத்தினேன். அது வர்றதுக்கு முன்னாடியே தின்னுடுச்சு."

"மாப்ள, தலைவர் பாத்துக்கிறேன்னு சொன்னாரு."

"என்னத்தப் பாத்துக்குவாரு? நான் ஒரு திருகு அதிகமாத் திருகலை மாமா. எனக்கு அந்த வண்டி ஆகாது, நெசம். அதுக்காகப் பிரேக்ல விளையாடுவேனா? ஏறுறது ஜனங்கள்ல? என் பொண்டாட்டியே இப்ப என்னைய ஒரு மாதிரியாப் பாக்குறா. வேணும்னே செஞ்சீங்களான்னு வாயத் தொறந்து கேக்கலை, அவ்வளவுதான்."

குழாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மச்சினன் எழுந்து போனான்.

மனைவி தையல் மிஷினில் குனிந்து ஒரு பள்ளிச் சீருடைக்குக் கழுத்து தைத்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துக்கெல்லாம் அவள்தான் டெய்லர். நூலைப் பல்லால் கடித்துவிட்டு, நிமிராமலே கேட்டாள்.

"கால்தானே?"

"எந்தக் கால்?"

"உங்க கால். பிரேக் இல்ல. கொஞ்ச நாளாப் பாக்குறேன், நாற்காலியில உக்காந்தா இடது கால மடக்கி அடியில சொருகிக்கிறீங்க. இப்பகூட பாருங்க."

குழாய் குனிந்து பார்த்தான். குதிகால் நாற்காலிக் காலில் மாட்டியிருந்தது.

"நான் பெடல் மிஷின விட்டு மோட்டாருக்கு மாறினப்போ எத்தன மாசம் சும்மாவே கால ஆட்டிட்டிருந்தேன்? தூக்கத்துலயும் தைக்கிறியான்னு சிரிச்சது நீங்கதானே? வலது கால் மோட்டாரை அழுத்தும், இடது கால் வெறும் தரைய மிதிக்கும். ஒரு ஜாக்கெட்டு கையோட வாயச் சேத்துத் தச்சு மூடியே வச்சேன்."

அவன் ஒத்துக்கொண்டான். முழுதாகச் சொன்னான், சீட்டு விஷயம் உட்பட. அவள் மிஷினை நிறுத்தினாள்.

"அப்ப நாளைக்கு மைக்ல என்ன சொல்லப் போறீங்க?"

"இத்தன வருஷம் வண்டியில ஒரு கீறல் விழாம ஓட்டினவன்டி நான். கிளட்ச் இல்லாத வண்டியில கிளட்ச மிதிச்சேன்னு ஊரக் கூட்டிச் சொல்லச் சொல்றியா? சீட்டும் போயிடும், மானமும் போயிடும்."

"சொல்லாதீங்க. தம்பிக்கு வேலை போகட்டும். அவனும் அவன் பொண்டாட்டி புள்ளைங்களும் எங்க வரும்னு நினைக்கிறீங்க? இங்கதான். கவுன்சிலர் வீட்டுக்கு. நீங்க தெனம் அவன் மூஞ்சியப் பாத்துச் சாப்பிடுங்க, எனக்கென்ன."

மோட்டார் மறுபடி கிர்ரென்று ஓட ஆரம்பித்தது. அவள் அடுத்த சீருடையின் கழுத்தை எடுத்து வைத்தாள்.

மறுநாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் டிப்போ வாசலில் கூட்டம். இறங்கியவர்களும் ஏறப் போகிறவர்களும் காக்கிச் சட்டையோடு நின்றார்கள். வேறு கட்சி டிரைவர்களும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். மச்சினன் தூரத்தில் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றான். மேனேஜர் அம்மா மாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்தார். தலைவர் தன் நெற்றியைக் காட்டிக் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு, "ஓட்டினவர் வாயாலயே கேளுங்க" என்று மைக்கைக் குழாயிடம் கொடுத்தார்.

மைக் நன்றாகத்தான் வேலை செய்தது. குழாய் அதை வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

"பிரேக் தானாப் பிடிக்கலை" என்றான். "நான் மிதிச்சேன். இடது காலால. கிளட்சுன்னு நினைச்சு மிதிச்சேன். அந்த வண்டியில கிளட்ச் கிடையாது. பிரேக்ல ஒரு கோளாறும் இல்ல, ஃபிட்டர் செஞ்ச வேலை சுத்தமான வேலை. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லலை. தலையாட்டிட்டேன்."

பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "குழாய் அண்ணே, அந்தக் கால வீட்டுலயே வச்சிட்டு வந்திருக்கலாமே!"

காக்கிச் சட்டைகளில் சிரிப்பு பரவியது. ஆனால் வயசான டிரைவர்கள் சிரிக்கவில்லை. தங்கள் இடது காலைப் பார்த்துக்கொண்டார்கள்.

தலைவர் மைக்கைத் திரும்ப வாங்கினார். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"கேட்டீங்களா?" என்றார். "நம்ம ஆளு, உண்மையச் சொல்றான். வேற எந்தக் கட்சியில இப்படி ஒருத்தன் உண்டு? இப்ப நான் கேக்குறேன். இவ்வளவு அனுபவம் உள்ள டிரைவருக்கே கால் தடுமாறுதுன்னா, பயிற்சி கொடுக்காம வண்டியக் கொண்டுவந்து நிறுத்தினது யாரு? நகராட்சி! டிரைவருக்குப் பயிற்சி கொடு, ஃபிட்டருக்குப் பயிற்சி கொடு, ஒருத்தன் வேலையும் போகாதுன்னு எழுதிக் கொடு. அதுவரைக்கும் மின்சார பஸ்ஸ எதிர்ப்போம்!"

கைதட்டல் வாசலைத் தாண்டித் தெருவரை கேட்டது. வேறு கட்சி டிரைவர்கள்கூட இரண்டு மூன்று பேர் தட்டினார்கள். வேண்டவே வேண்டாம் என்று காலையில் இருந்த கட்சி, சாயங்காலம் அதுவரைக்கும் வேண்டாம் என்று ஆகியிருந்தது. தலைவரின் பேச்சு நின்ற இடம் தெரியவில்லை, திரும்பிய இடம் தெரியவில்லை. கிளட்ச் இல்லாமல் கியர் மாற்றத் தெரிந்தவர் அந்த மேடையில் அவர் ஒருத்தர்தான் என்று குழாய் நினைத்துக்கொண்டான்.

மேடையில் யார் பேரும் அறிவிக்கப்படவில்லை. இறங்கும்போது தலைவர் அவன் தோளில் தட்டினார்.

"நல்லாப் பேசினே தம்பி. ஆனா மேடைக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அந்தத் தட்டலிலேயே குழாய்க்கு விளங்கிவிட்டது. வார்டு சீட்டு டீசல் பங்க் முதலாளியின் தம்பிக்குப் போனது. சுவரொட்டி ஒட்ட ஆள் கேட்டு வந்தார்கள். குழாய் பசை வாளியைக் கொடுத்து அனுப்பினான், தான் போகவில்லை.

மேனேஜர் அம்மா மச்சினனை மறுபடி வேலையில் சேர்த்தார். குழாய்க்குக் காரசாரமாக ஒரு எச்சரிக்கை கொடுத்தார். எல்லா டிரைவருக்கும் பயிற்சி என்று உத்தரவு வந்தது. பழைய கட்சி அதைத் தன் வெற்றி என்று சுவரில் எழுதியது, நகராட்சி தன் திட்டம் என்று பத்திரிகையில் போட்டது. பயிற்சி கொடுக்கும் வேலை குழாய்க்கே வந்தது. ஸ்டீயரிங்கில் உட்கார்ந்த ஒவ்வொரு டிரைவரும் முதல் நாளே இடது காலால் பிரேக்கை மிதித்து, முன்னால் பறந்து, வெட்கத்தோடு அவனைத் திரும்பிப் பார்த்தார். தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள்.

மச்சினன் சில நாள் அவனிடம் பேசவில்லை. "ரெண்டு நாள் என்னத் திருடன் மாதிரி நிக்க வச்சீங்க மாமா" என்று ஒரு தடவை சொன்னதோடு சரி.

பிறகு ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், மச்சினன் மின்சார பஸ்ஸின் டிரைவர் சீட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிடப்பதைக் குழாய் பார்த்தான். கழித்துப்போட்ட டீசல் பஸ் ஒன்றிலிருந்து கழற்றிய கிளட்ச் பெடல் அவன் நெஞ்சின்மேல் இருந்தது. இடதுபக்கச் சுவரை ஒட்டி, பிரேக்கிலிருந்து நன்றாகத் தள்ளி, அதைப் பொருத்தி, கனமான ஒரு ஸ்பிரிங்கையும் மாட்டினான். அந்தப் பக்கமாக வந்த என்ஜின் பிரிவு ஆள் ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"இது எதோட சேந்திருக்கு?"

"எதோடயும் சேரலை."

"அப்புறம் எதுக்குடா?"

"கால் வைக்க."

மேனேஜர் அம்மா வந்தார். குனிந்து பார்த்தார். கையால் ஒரு தடவை அழுத்தியும் பார்த்தார். கழற்றச் சொல்லாமல் போய்விட்டார். அந்த வாரமே மற்ற டிரைவர்கள் அந்த வண்டிதான் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

சாயங்கால டிரிப்பில் மார்க்கெட் நிறுத்தம் வந்தபோது குழாயின் இடது கால் தன் வேலையைச் செய்தது. பெடலை அடிவரை மிதித்தது. ஸ்பிரிங் எதிர்த்தது, கால் திருப்திப்பட்டது. வலது கால் பிரேக்கை மெல்ல அழுத்த, வண்டி கூட்டத்துக்கு முன்னால் பூப்போல நின்றது.

அந்தக் கூட்டத்தில் மச்சினன் இருந்தான். டிப்போ வாசலில் எதிர்ப்புக் கோஷம் போட்டுவிட்டு நேரே வந்திருந்தான், சட்டையில் கட்சிக் கொடி குத்தியிருந்தது. ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தான்.

"என்ன மாப்ள, இந்த வண்டி வேணாம்னு இப்பதானே கத்தின?" என்றான் குழாய். மெதுவாகத்தான் கேட்டான், இருந்தாலும் கடைசி சீட்டு வரை கேட்டது.

"வேணாம்தான். எழுதிக் கொடுக்கிற வரைக்கும் வேணாம்" என்றான் மச்சினன், காலை நீட்டிக்கொண்டு. "அதுக்காக நடந்தா வீட்டுக்குப் போவாங்க? எடுங்க வண்டிய."